கூப்பிடு தூரத்தில் காட்டுக்கோழி... அது எத்தனை மீட்டர்? போடி மலையில் கண்ணை ஏமாற்றும் தூரம்!

போடிநாயக்கனூரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மலை தெரியும். ஊரின் மூன்று பக்கமும் மலைதான். அதிகாலையில் பார்த்தால், கையை நீட்டித் தொட்டுவிடலாம்போல அவ்வளவு அருகில் நிற்கும். வெயில் ஏறி, புகைபோல மங்கல் படிந்ததும் அதே மலை பின்னால் போய்விடும். மழை பெய்து விட்ட மறுநாள், மறுபடியும் ஊர் எல்லைக்கே வந்து நிற்கும்.

மலை எங்கும் போகவில்லை. கண்தான் ஏமாறுகிறது.

சுற்றுலா வருபவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. ஆனால், இந்தச் சரிவுகளில் விலங்குகளையும் பறவைகளையும் எண்ணிக் கணக்கெடுப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஒரு காட்டுக்கோழி 30 மீட்டர் தூரத்தில் நின்றதா, 40 மீட்டரிலா என்பதில் தவறினால், காட்டில் மொத்தம் எத்தனை கோழிகள் இருக்கின்றன என்ற கணக்கே தவறிப்போகும். அந்தத் தவறைத் தடுக்க அவர்கள் கையில் எடுக்கும் கருவி, பல நாடுகளில் வேட்டைக்காரர்களின் பையில் இருப்பது. பெயர், ரேஞ்ச் ஃபைண்டர். தமிழில் தூரமானி என்று சொல்லலாம்.

'இந்தா... பக்கத்துலதான்!'

தேனியிலிருந்து மேற்கே 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது போடி. ஏலக்காய்க்குப் பெயர்போன ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடப்பது இரண்டே ஊர்களில். ஒன்று கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் புற்றடி, இன்னொன்று போடி. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். பெரும்பாலும் பெண்கள். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு, மடியில் வெற்றிலை. பொழுது சாய்ந்ததும் அதே ஜீப்பில் திரும்புவார்கள்.

இந்த ஊர் மக்களிடம் தூரம் கேட்டால் கிலோமீட்டரில் பதில் வருவது அபூர்வம். "இந்தா தெரியுதுல்ல, பக்கத்துலதான்" என்பார்கள். நடக்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம் ஆகும். அவர்கள் பொய் சொல்லவில்லை. மலையில் தூரத்தை நேரத்தால் அளப்பதுதான் வழக்கம். ஏற்றத்தில் ஒரு கணக்கு, இறக்கத்தில் ஒரு கணக்கு, தலையில் சுமை இருந்தால் இன்னொரு கணக்கு.

தமிழில் தூரத்துக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம், காத தூரம்... எல்லாமே மனித உடம்பை வைத்து உண்டான அளவுகள். குரல் எட்டுமா, கை எறியுமா, கண் பார்க்குமா, கால் நடக்குமா என்பதுதான் கேள்வி. சமவெளியில் இது போதும். மலைச்சரிவில்தான் குழப்பம். எதிர் மலையில் இருப்பவரைக் கூப்பிட்டால் கேட்கும். ஆனால் அவரிடம் போய்ச் சேர, ஒரு பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும்.

ஐந்து கிலோமீட்டரும் நூறு கிலோமீட்டரும்

போடி மலையில் 'நேர் தூரம்' வேறு, 'போகும் தூரம்' வேறு என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய உதாரணம் ஒன்று உண்டு.

மூணாறு தேயிலையைக் கீழே கொண்டுவர ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்த வழி, டாப் ஸ்டேஷன். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டு, மாடுகளை வைத்து வண்டியை இழுத்தார்கள். 1908-ல் அது குறுகிய ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனில் இருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கியபடியே மலை அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அதனால் கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று ஒரு பெயர். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்தக் கம்பி வடம் கடந்த தூரம் சுமார் 5 கிலோமீட்டர்தான். கொட்டகுடியிலிருந்து போடி 15 கிலோமீட்டர். ஆக, 20 கிலோமீட்டர். இன்று போடியிலிருந்து வாகனத்தில் டாப் ஸ்டேஷன் போக வேண்டும் என்றால், போடிமெட்டு ஏறி, மூணாறு போய், அங்கிருந்து இன்னும் 32 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்! குரங்கணியில் நின்று அண்ணாந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன் தலைக்கு மேலே இருப்பதுபோலத்தான் தெரியும்.

கண் ஏன் ஏமாறுகிறது?

சமவெளியில் நாம் தூரத்தைக் கணிப்பது, நடுவில் இருக்கும் பொருள்களை வைத்து. ஒரு மின்கம்பம், ஒரு வேப்பமரம், ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டே போகிறது கண். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது நடுவில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. வெறும் காற்று. அதனால் எதிர்ச்சரிவு பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும்.

இரண்டாவது காரணம், காற்றின் தெளிவு. மங்கலாகத் தெரிவது தொலைவில் இருக்கிறது என்பது மூளை பழகிவைத்திருக்கும் பாடம். மழை பெய்து தூசி அடங்கியதும் மலை பளிச்சென்று தெரியும். உடனே 'பக்கத்தில் வந்துவிட்டது' என்று மூளை முடிவு கட்டிவிடும். பனிமூட்டத்தில் இது தலைகீழ். பத்தடி தள்ளி நிற்பவர்கூட எங்கோ இருப்பதுபோலத் தெரிவார்.

மூன்றாவது, அளவு தெரியாத பொருள். மனிதனோ ஜீப்போ என்றால் உயரம் நமக்குத் தெரியும். பாறையும் புதரும் எந்த அளவிலும் இருக்கும். தனியாக ஒரு பாறையை மட்டும் பார்த்து தூரம் சொல்வது, தனியாக ஒரு பூஜ்யத்தைப் பார்த்துத் தொகை சொல்வதுபோல.

காதும் ஏமாறும். பள்ளத்தாக்கில் எதிரொலி உண்டு. காட்டுக்கோழி கூவுவது வலப் பக்கச் சரிவிலா, இடப் பக்கத்திலா என்றே தெரியாமல் திகைக்க வேண்டியிருக்கும்.

சாம்பல் சேவலின் கதை

இந்த மலைகளில் விடியற்காலையில் கூவுவது சாம்பல் காட்டுக்கோழி. தென்னிந்தியாவிலும் தீபகற்பத்தின் வேறு சில பகுதிகளிலும் மட்டுமே வாழும் பறவை. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னேராவின் பெயரையே அறிவியல் உலகம் இதற்குச் சூட்டியிருக்கிறது. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல வீட்டுக்கோழிகளின் கால் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மஞ்சள் நிறத்துக்கான மரபணு வந்தது சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாம் அன்றாடம் பார்க்கும் கோழிக்கும் இந்த மலைக்கும் அப்படியொரு சொந்தம்!

சேவலின் கழுத்து இறகில் மெழுகுச் சொட்டு வைத்ததுபோல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அந்த அழகுதான் அதற்கு எமன். ஐரோப்பாவில் தூண்டில் மீன்பிடிப்பவர்கள், பூச்சிபோலத் தோன்றும் போலி இரை செய்ய இந்த இறகுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். இறைச்சிக்காகக் கண்ணி வைப்பவர்கள் இன்னொரு பக்கம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, காட்டுக்கோழியைச் சுடுவதும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

தடை போட்டாகிவிட்டது. கோழி பெருகியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தேனி வனக் கோட்டத்தில் சாம்பல் காட்டுக்கோழிகள் எந்த அளவில் இருக்கின்றன என்பது குறித்து என்.ரமேஷ், எம்.சி.சத்தியநாராயணா, எச்.லாயிட் ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, 2011-ல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. கோழியினப் பறவைகளுக்கென்றே நடத்தப்படும் இதழ் அது.

வான்கோழிக்கு ஒரு கருவி

தூரமானி வேட்டைக்காரர்களிடம் எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பார்த்தால், எண்ணுபவர்களுக்கு அது ஏன் தேவை என்பதும் புரியும்.

அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டை, உரிமம் பெற்று, குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் நடப்பது. வசந்த காலத்தில் ஆண் வான்கோழி குரல் கொடுக்கும். வேட்டைக்காரர் மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டைபோலக் குரல் எழுப்பி அதை வரவழைப்பார். சிதறு குண்டுத் துப்பாக்கிக்கு சுமார் 40 கெஜம், அதாவது 36 மீட்டர்தான் எல்லை என்பது அங்கு பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. அதைத் தாண்டினால் குண்டுகள் பரவிவிடும். பறவை சாகாது, காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து துன்பப்படும்.

பறவை வந்த பிறகு கருவியைத் தூக்கினால் அசைவைப் பார்த்து அது பறந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் உட்கார்ந்தவுடனேயே சுற்றிலும் உள்ள மரங்களை அளந்துவைத்துக்கொள்வார்கள். அந்த ஓக் மரம் 25, இந்தப் பட்ட மரம் 40. பறவை எந்த மரத்தருகே வருகிறது என்று பார்த்தாலே போதும்.

அளக்கும் முறை எளிது. கருவியின் பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்பு ஒன்று கிளம்பும். மரத்தில் பட்டுத் திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைச் சொல்லும். ஒளி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்துக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், ஒரு விநாடியை 10 லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுகூட இல்லை, முக்கால் கூறுக்கும் குறைவு!

துப்பாக்கி இல்லாத குறி

இதே கருவிதான் இந்தியக் காடுகளில் கணக்கெடுப்பவர்களின் கைக்கு வந்திருக்கிறது. நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில், புலிக்கு இரையாகும் மான், காட்டுமாடு போன்றவற்றை எண்ண, வனப் பணியாளர்கள் 2 கிலோமீட்டர் நீள நேர்கோட்டுப் பாதைகளில் நடப்பார்கள். விலங்கைப் பார்த்தால் மூன்று விஷயங்களைக் குறிக்க வேண்டும். எத்தனை விலங்குகள், எந்தத் திசை, எவ்வளவு தூரம். திசைக்குத் திசைகாட்டி. தூரத்துக்குத் தூரமானி. தேனி மாவட்டத்தின் மேகமலையும் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி என்பதால், இந்த நடை இந்த மாவட்டத்துக் காடுகளுக்கும் பழக்கமானதுதான்.

எண்ணிக்கை போதாதா, தூரம் எதற்கு?

காட்டில் இருப்பது எல்லாமே கண்ணில் படாது. பாதை ஓரத்தில் நிற்கும் கோழியைத் தவறவிட மாட்டோம். 50 மீட்டர் தள்ளிப் புதருக்குள் இருப்பதைத் தவறவிடுவோம். எந்தத் தூரத்தில் எத்தனை கண்ணில் பட்டன என்று வரிசைப்படுத்தினால், தூரம் கூடக் கூட எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்பது தெரியும். அதை வைத்து, கண்ணில் படாமல் போனவை எத்தனை என்று கணக்கிட முடியும். பாதைக்கு இருபுறமும் எத்தனை மீட்டர் அகலத்தை உண்மையில் 'பார்த்தோம்' என்பதும் அதிலிருந்தே கிடைக்கும்.

ஓர் எளிய கணக்கு. மொத்தம் 10 கிலோமீட்டர் நடந்து 20 காட்டுக்கோழிகளைப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். உண்மையில் பார்க்க முடிந்த அகலம் பக்கத்துக்கு 40 மீட்டர். இருபுறமும் சேர்த்து 80 மீட்டர். அப்படியானால் பார்த்த பரப்பு 0.8 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 25 கோழிகள்.

இதே நடையில், தூரத்தைக் கண்ணளவில் கூட்டிச் சொன்னதால் அந்த 40 மீட்டர் 50 ஆகிவிட்டால்? பரப்பு 1 சதுர கிலோமீட்டர் ஆகிவிடும். கோழிகள் சதுர கிலோமீட்டருக்கு 20. யாரும் கண்ணி வைக்கவில்லை, யாரும் சுடவில்லை. காகிதத்திலேயே ஐந்து கோழிகள் காணாமல் போய்விட்டன! அடுத்த முறை வேறு குழு வந்து சரியாக அளந்தால், 'கோழி பெருகிவிட்டது' என்று செய்தி வரும். இரண்டுமே பொய். இப்படிப்பட்ட கணக்கை நம்பித்தான் எங்கே காவலைக் கூட்டுவது, எங்கே தோட்டத்தை ஒட்டிய காட்டைப் பாதுகாப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கண்ணளவுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. 10, 20, 50, 100 என்று முழு எண்களாகவே அது சொல்லும். 37 மீட்டர் என்று யாருடைய கண்ணும் சொல்லாது.

ஏலச் செடிக்குள் ஒளிந்த தூரம்

கருவி கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. போடி மலைச்சரிவு அதற்கும் பரீட்சை வைக்கும்.

முதல் பரீட்சை, சரிவு. 30 பாகை சரிவில் மேல்நோக்கி அளந்து 100 மீட்டர் என்று வந்தால், வரைபடத்தில் அது 87 மீட்டர்தான். 45 பாகை என்றால் 71 மீட்டர். கணக்கெடுப்புக்குத் தேவை வரைபடத் தூரம். பல கருவிகளில் கோணத்தையும் அளந்து சமதளத் தூரத்தைச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை முடுக்கிவிட மறந்தால் அத்தனை எண்களும் கூடுதலாகவே பதிவாகும்.

இரண்டாவது, பனிமூட்டம். ஒளித் துடிப்பு மரத்தைத் தொடுவதற்கு முன்பே நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பிவிடும். மூட்டத்தின் தூரத்தைக் கோழியின் தூரம் என்று காட்டும். மூட்டம் விலகும்வரை காத்திருப்பதுதான் வழி.

மூன்றாவது, ஏலச் செடி. ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து, நீண்ட இலைகளை நாலாபக்கமும் விரித்து நிற்கும். மேலே நிழல் மரங்கள், கீழே ஈரச் சருகு. காட்டுக்கோழி சருகைக் கிளறி இரை தேட ஏற்ற இடம். ஆனால் தூரமானிக்கு முன்னால் இருக்கும் இலைதான் தெரியும். பின்னால் இருக்கும் பறவை தெரியாது. இலை இடுக்கில் அடிமரத்தைக் குறிவைத்து அளப்பார்கள். பறவை ஓடிவிட்டால், அது முதலில் நின்ற இடத்தை நினைவில் வைத்து அந்த இடத்தை அளப்பார்கள். வான்கோழி வேட்டைக்காரர் மரத்தை அளந்துவைப்பதன் மறுபக்கம் இது.

தோட்டத்துக்குள் பார்வை குறைந்த தூரத்திலேயே மறைந்துவிடும். திறந்த புல்மேட்டில் வெகுதூரம் தெரியும். தோட்டத்தில் ஐந்து கோழிகளையும் புல்மேட்டில் பத்துக் கோழிகளையும் பார்த்துவிட்டு, 'தோட்டத்தில் பாதிதான் இருக்கின்றன' என்று சொல்லிவிட முடியாது. தூரம் அளந்தால்தான் அந்த ஒப்பீடே சாத்தியம்.

தூரம் உயிரையும் காக்கும்

மலையில் தூரத்தைத் தவறாகக் கணிப்பதன் விலை, சில நேரங்களில் எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை.

ஆசிய யானைகள் விநாடிக்கு 6.8 மீட்டர் வேகம்வரை போக முடியும் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர். 50 மீட்டர் தள்ளி நிற்கும் யானை, உங்களை வந்தடைய ஏழரை விநாடி போதும். மூட்டத்தில் செல்போனை நீட்டிப் படம் எடுப்பவர், 'தூரத்தில்தானே நிற்கிறது' என்று நினைக்கும் யானை உண்மையில் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது. சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை 2023 மே மாதம் கம்பம் நகருக்குள் வந்து ஓடியதை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில், மலையேற்றத்துக்கு வந்திருந்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ நடந்துவருவதில்லை, ஏறி ஓடிவருகிறது. சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் உலகெங்கும் கையாளும் ஒரு தோராயக் கணக்கு. எதிர்ச்சரிவில் புகை தெரிந்தால் 'அது வெகுதூரம்' என்று கண் சொல்வதை நம்பக் கூடாது என்பது அந்த மலை கொடுத்த பெரிய பாடம். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது.

கருவி வேண்டாம்... கட்டைவிரல் போதும்!

பயணம் போகும் குடும்பங்களுக்கு லேசர் கருவி தேவையில்லை. குழந்தைகளோடு செய்துபார்க்க ஒரு வழி இருக்கிறது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 26 கிலோமீட்டர் மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்த இடமுள்ள ஒரு வளைவில் இறங்கி, கீழே தெரியும் சாலையைப் பாருங்கள். பேருந்து ஒன்று வரட்டும். கையை நேராக நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, விரலைப் பேருந்தின் மேல் வையுங்கள். இப்போது அந்தக் கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடுங்கள். விரல் பக்கவாட்டில் தாவும். எத்தனை பேருந்து நீளம் தாவியது என்று எண்ணுங்கள்.

பேருந்தின் நீளம் சுமார் 11 மீட்டர். ஐந்து பேருந்து நீளம் தாவினால் 55 மீட்டர். அதைப் பத்தால் பெருக்குங்கள். 550 மீட்டர். அவ்வளவுதான் தூரம்! நம் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப்போல சுமார் பத்து மடங்கு நீளம் நம் கை என்பதுதான் இதன் ரகசியம். சற்று முன்பின் இருக்கும், ஆனால் வெறும் ஊகத்தைவிட எவ்வளவோ மேல்.

நடக்காமலே தூரத்தைக் கோணத்தால் அளக்கும் இந்த வித்தையின் பெரிய வடிவம்தான் இந்தியாவையே வரைபடமாக்கியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை இரும்புச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். முடிக்க 57 நாள்கள் ஆனது. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்குக் கோணம் பார்த்துத்தான் மீதி தூரங்கள் கணக்கிடப்பட்டன.

போவது எப்படி?

2010 இறுதியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில், 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. சென்னை சென்ட்ரலில் இருந்து நேரடி ரயில் உண்டு. மதுரையிலிருந்து பேருந்தில் வந்தாலும் தேனி வழியாக எளிதில் போடியை அடையலாம். போடியிலிருந்து குரங்கணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். போடிமெட்டு வழியாகப் போனால் சூரியநெல்லி, அங்கிருந்து ஜீப்பில் கொழுக்குமலை.

காட்டுக்குள் நடக்க விரும்பினால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2024-ல் தொடங்கப்பட்ட 'டிரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் தேனி மாவட்டப் பாதைகளுக்கும் பதிவு செய்யலாம். காட்டுத் தீ அபாயமுள்ள கோடையின் தொடக்க மாதங்களில் மலையேற்றம் நிறுத்தப்படும் என்பதால், நாள் குறிப்பதற்கு முன் விசாரித்துவிடுங்கள். வழிகாட்டியை விட்டு விலகாதீர்கள். எதிரே தெரியும் உச்சியைப் பார்த்து 'அரை மணி நேரத்தில் போய்விடலாம்' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவர் சொல்லும் நேரக் கணக்கை நம்புங்கள்.

ஏலக்காய் வாசனையோடு விடியும் காலையில் காட்டுச்சேவல் கூவினால், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று குழந்தைகளை ஆளுக்கொரு எண் சொல்லச் சொல்லுங்கள். 20 மீட்டர் என்று ஒருவர் சொல்வார், 200 என்று இன்னொருவர் சொல்வார். கூவலை அளக்க லேசராலும் முடியாது. அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தேடிப் போக வேண்டாம்.